ஆறு குழாயும் அம்மாவோட அவரை விதையும்

புது வீடு கட்டி முடிச்சா பழைய வீட்டுச் சாமானெல்லாம் தானா எடம் பிடிச்சு உக்காந்துக்கும்னு நெனச்சேன். அப்படி நடக்காதுன்னு குடிபோன மூணு மாசத்துல தெரிஞ்சுபோச்சு.

எங்க பழைய வீடு ஓட்டு வீடு. சமையக்கட்டுக்கு மேல மூங்கில் பரப்பின அட்டாலி இருந்துச்சு. நீங்க பரண்னு சொல்வீங்க, காங்கேயம் பக்கம் எங்களுக்கு அது அட்டாலி. விதைப்பானை, முறம், வள்ளக்கூடை, பழைய படி, உழக்கு எல்லாம் அதுல கெடக்கும். அடுப்புப் புகை அதுக்குள்ள பூந்துதான் ஓட்டுக்கு வெளிய போகும். பானையெல்லாம் கரி பிடிச்சுக் கன்னங்கரேல்னு இருக்கும். சின்ன வயசுல அதைப் பாத்தா எனக்கு அசிங்கமாத் தோணும்.

புது வீடு கான்கிரீட். சுவரெல்லாம் ஹாலோபிளாக். இஞ்சினியர் சொன்னபடி ரெண்டு ரூமுல லாஃப்ட் விட்டோம், ஏழடி ஒசரத்துல. அம்மாவுக்கு வலது கை தோளுக்கு மேல தூக்க வராது. அது எனக்கு நல்லாத் தெரியும். ஆனா வீட்டு பிளானைப் பாக்கறப்போ அந்த நெனப்பே வரலை. விதையெல்லாம் உரச்சாக்குல கட்டி திண்ணை ஓரமா வச்சோம். ஒரே வாரத்துல எலி பொத்தல் போட்டுருச்சு. அருவா, களைக்கொத்து, சொட்டுநீர்க் குழாயோட எல்போ, டீ, வால்வு எல்லாம் ஒரு மூலையில குமிஞ்சு கெடந்துச்சு. "ஏனுங்க, இது வீடா ஆர்டுவேர் கடையா?"ன்னு வீட்டுக்காரம்மா கேட்டதுதான் ஆரம்பம். சரி, ஆர்டுவேர் கடைச் சாமானை வச்சே இதுக்கு ஒரு வழி பண்ணலாம்னு எறங்குனேன்.

கடைக்குள்ள போய் நாலு பக்கமும் பாத்தா அலமாரிக்குத் தேவையானதெல்லாம் அங்கேயே தொங்குது. மொதல்ல ஸ்லாட்டட் ஆங்கிள் வாங்கி ஒரு ரேக் மாட்டுனேன். வரிசையா ஓட்டை போட்ட இரும்புச் சட்டம், நட்டு போல்ட்டு, தகடு, அவ்வளவுதான். ஒரு ஸ்பேனர் இருந்தாப் போதும், வெல்டிங் வேண்டாம். கடைக்காரத் தம்பி, "அண்ணா, முக்கோணத் தகடு எட்டாவது வாங்கிக்கங்க"ன்னான். காசைப் பாத்துட்டு நாலு போதும்னு வந்துட்டேன். அம்பது கிலோ மூட்டையை ஏத்துனதும் ரேக்கு குடிகாரன் மாதிரி ஒரு பக்கமாச் சாஞ்சுது. நாலு மூலைச் சட்டம் எவ்வளவு கனமா இருந்தாலும், முக்கோணம் போட்டு இறுக்கலைன்னா பக்கவாட்டுல சரியத்தான் செய்யும். கூரைக்குக் குறுக்குக் கை குடுக்கற சங்கதிதான். மறுபடியும் கடைக்குப் போய் மிச்ச நாலையும் வாங்குனேன். தம்பி ஒண்ணும் சொல்லலை, சிரிச்சான்.

அடுத்தது அருவாக்கும் களைக்கொத்துக்கும். கக்கூஸ் லைன் போட்டு மிஞ்சுன நாலு இஞ்ச் பிவிசி குழாய் கெடந்துச்சு. அதை முக்கால் அடி முக்கால் அடியா ஆக்சா பிளேடால அறுத்து, மேல் வாயை மட்டும் சாய்வா வெட்டி, திண்ணைச் சுவத்துல வரிசையா முடுக்கிட்டேன். கைப்பிடி வெளிய தெரியும், வாய் உள்ள போயிரும். குழந்தைக கை படாது. ஹாலோபிளாக் சுவருன்னா ஒண்ணைக் கவனிங்க: உள்ளே பொந்து இருக்கும், சின்ன ராவல் பிளக் நிக்காது. நீளமா வாங்கிப் போடுங்க. இல்லைன்னா என்னை மாதிரி ராத்திரி ரெண்டு மணிக்கு மம்பட்டி விழுந்து ஊரையே எழுப்ப வேண்டி வரும்.

கலவை சுமக்கற இரும்புச் சட்டி ஒண்ணு ஓட்டையாக் கெடந்துச்சு. வீட்டுக்காரம்மா அதை உப்புத்தாள் போட்டுத் தேச்சு, உள் பக்கம் மஞ்சள் பெயிண்ட் அடிச்சு, நடுவுல பல்பு ஹோல்டர் மாட்டித் தலைகீழாத் தொங்கவிட்டா. இன்னிக்கும் எங்க ஆசாரத்துல அதுதான் வெளக்கு. அதை எந்தக் கடையில வாங்குனதுன்னு கேக்காத ஒறம்பரை இல்லை.

இப்படி ஒவ்வொண்ணும் நல்லா வந்ததுல எனக்குத் தலைக்கனம் ஏறிருச்சு. அந்தச் சமயத்துலதான் விதைக்கு வழி பண்ணக் கெளம்புனேன்.

அதே நாலு இஞ்ச் குழாய், ரெண்டடி நீளத்துல ஆறு துண்டு. அடியில ஒரு எண்ட் கேப், சொலூசன் போட்டு நிரந்தரமா. மேல ஒரு கேப், டெஃப்லான் டேப் சுத்தி இறுக்கமா. ஒரு குழாய்க்கு நாலு கிலோ பயறு பிடிக்கும். வழவழன்னு இருக்கறதால எலி ஏறாது, வண்டு நுழையாது, காத்தே போகாது. உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கி ரெட் ஆக்சைடு அடிச்சோம். அதுக்கு மேல வீட்டுக்காரம்மா வெள்ளையில கோலம் போட்டா. நான் ஒவ்வொண்ணுலயும் அவரை, மொச்சை, தட்டப்பயிறு, கொள்ளு, துவரை, எள்ளுன்னு பேர் எழுதுனேன். திண்ணையோட மேக்குச் சுவத்துல, உள்ள வரும்போதே கண்ணுல படற மாதிரி கிளாம்ப் போட்டு நிறுத்துனோம். பாக்கப் படு ஜோரா இருந்துச்சுங்க.

மாரியம்மன் நோம்பிக்குக் கோயமுத்தூர்ல இருந்தும் திருப்பூர்ல இருந்தும் சொந்தமெல்லாம் வர்றாங்க. அதுக்குள்ள குழாயெல்லாம் நெறைஞ்சிருக்கணும்னு எனக்கு அவசரம். அவரை நெத்து அப்பத்தான் பறிச்சு உரிச்சது. ரெண்டு நாள்தான் வெயில் காஞ்சுது. "இன்னும் நாலு வெயில் போகட்டும் கண்ணு"ன்னு அம்மா சொன்னாங்க. "காத்தே போகாதும்மா, ஒண்ணும் ஆகாது"ன்னு சொல்லி மூடிட்டேன். நோம்பிக்கு வந்தவங்க எல்லாரும் குழாய்க்குப் பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. அம்மா ஒரு போட்டோவுலயும் இல்லை. அப்போ அதையும் நான் கவனிக்கலை.

ஆடி பொறந்து ஒரு மழை பேஞ்சுது. கிளுவை வேலியோரம் அவரை ஊனலாம்னு மூடியைத் தெறந்தேன். குப்புன்னு ஒரு வாடை. மேல ஒரு சாண் அளவுக்கு விதை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, பச்சையும் வெள்ளையுமாப் பூசணம் பிடிச்சிருந்துச்சு. அடி விதை பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. நூறு விதை எண்ணி ஈரச்சாக்குல சுருட்டி வச்சேன். ஒரு வாரம் கழிச்சுப் பிரிச்சா ஏழோ எட்டோதான் முளைச்சிருந்துச்சு. முளைச்சதும் வெளுத்துப்போய்க் கெடந்துச்சு.

அந்த அவரை கடையில வாங்குனது இல்லைங்க. அம்மா கல்யாணமாகி வந்தப்போ அவங்க அம்மா, எங்க அமுச்சி, முந்தானையில முடிஞ்சு குடுத்தது. நெத்தோட ஓரம் ஊதாக் கலர்ல இருக்கும். வேலியில ஏறிப் படர்ந்து மார்கழிப் பனியிலதான் பூக்கும். பகல் பொழுது சுருங்குனாத்தான் அதுக்குப் பூக்கத் தோணும். அதனால ஆடிப்பட்டத்தை விட்டா ஒரு வருசமே போச்சு. நாப்பது வருசத்துக்கு மேலா ஒரு வருசம் விடாம அம்மா அதை விதைக்கு எடுத்து வச்சிருக்காங்க. என் கையில குடுத்த மொத வருசமே போயிருச்சு.

அம்மா திட்டியிருந்தாத் தேவலை. பூசணம் பிடிச்சதை முறத்துல கொட்டி, அரை மணி நேரம் ஒவ்வொண்ணாத் தள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம், "எங்கம்மா கிட்ட இனி போய்க் கேக்கவா முடியும்?"னு மட்டும் சொன்னாங்க. நான் அப்படியே தோட்டத்துப் பக்கம் போயிட்டேன். அன்னிக்கு ராத்திரி வரைக்கும் வீட்டுக்கு வரலை.

என்ன தப்புன்னு பின்னாடி விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். காத்து போகாத டப்பா கெட்டது இல்லை. ஆனா வெளிய இருந்து ஈரம் உள்ள வராத மாதிரியே, உள்ள இருக்கற ஈரமும் வெளிய போகாது. விதைச் சான்று விதியிலேயே இதுக்குக் கணக்கு இருக்கு. நெல் விதைக்குச் சாதாரணப் பையில 13 சதவீதம் வரைக்கும் ஈரம் இருக்கலாம், ஈரம் புகாத பையில போட்டா 8 சதவீதம்தான். பயறுக்கு 9, 8. அதாவது மூடி எவ்வளவு இறுக்கமோ, விதை அவ்வளவு காஞ்சிருக்கணும். நான் செஞ்சது நேர்மாறு.

ரெண்டாவது தப்பு சுவரு. மேக்குச் சுவருன்னா சித்திரை வைகாசியில சாயந்திரம் வரைக்கும் சுடும், ராத்திரி ஆறிரும். சூட்டுல விதையில இருக்கற ஈரம் ஆவியாகி மேல ஏறும், ஆறும்போது மூடிக்கு அடியில வேர்த்து நிக்கும். சோத்துப் போசியை மூடி வச்சா மூடியில தண்ணி கோக்குதே, அதே கதைதான். பூசணம் மேல் சாணுல மட்டும் பிடிச்சது அதனாலதான். அடியில இருந்ததை அந்தச் சூடும் ஈரமும் சேந்து கொன்னுருச்சு. நான் அசிங்கம்னு நெனச்ச அந்தக் கரிபிடிச்ச அட்டாலியில, தெனமும் ரெண்டு வேளை அடுப்புச் சூடும் புகையும் விதையை உலர்த்திக்கிட்டே இருந்திருக்கு. வண்டும் அண்டலை. அதை இடிக்கும்போது மூங்கிலுக்கு என்ன வெலை தேறும்னுதான் நான் கணக்குப் போட்டேன்.

மூணு நாள் கழிச்சு, காப்பி குடிச்சுக்கிட்டு இருக்கும்போது அம்மாவே சொன்னாங்க. "தாராபுரத்துச் சித்திக்கு ஒரு வருசம் ரெண்டு படி குடுத்தேன். அவ வேலியில இருக்குதான்னு கேட்டுப் பாரு." அன்னிக்கே வண்டியை எடுத்துட்டுப் போனேன். சித்தி வீடு இன்னும் ஓட்டு வீடுதான். அட்டாலியில இருந்து ஒரு பானையை எறக்கி, சாம்பலைத் தட்டி, ரெண்டு கை அள்ளிக் குடுத்தாங்க. ஊதா ஓரம் உள்ள அதே அவரை. "இத்தன நாள் கழிச்சு அக்கா கேட்டு உட்டாளாக்கும்"னு சிரிச்சாங்க. துணியில முடிஞ்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வந்தேன். வழியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கிட்டே வந்தேன்.

குழாயை நான் தூக்கிப் போடலை. அம்மாகிட்டப் போய், "எங்க வச்சா உங்களுக்கு வசதிம்மா?"ன்னு கேட்டேன். வீடு கட்டும்போதே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. வெறகடுப்பு இருக்கற பின்கட்டுல, கிழக்கு உள்சுவத்தைக் காட்டுனாங்க. அவங்க இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவுல மேல் வாய் வர்ற ஒசரத்துல ஆறையும் மாத்தி மாட்டுனேன். பயறு குழாயோட மேல் மூடியை எடுத்துட்டு, எலிக்குக் கொசுவலைக் கம்பியும் அதுக்கு மேல காடாத்துணியும் போட்டு கட்டுக்கம்பியால இறுக்குனேன். விதையோட சாம்பலும் கொஞ்சம் வசம்புப் பொடியும் கலந்து வைக்கறோம். அவரையில ஒரு பங்கு சித்தி வீட்டுக்கு, ஒரு பங்கு பக்கத்துத் தோட்டத்துக்கு. ஒரே குழாயில மொத்தத்தையும் இனி வைக்கறது இல்லை.

பட்டணத்துல மாடித்தோட்டம் வச்சிருக்கறவங்க இதே மாதிரி விதைக்குழாய் செய்யறதா இருந்தா ரெண்டு சோதனை சொல்றேன். விதையைக் கடிச்சுப் பாருங்க. கடக்குனு ஒடைஞ்சாக் காஞ்சிருக்கு, பல்லு பதிஞ்சா ஈரம். இது அம்மா சொல்லித் தந்தது. இன்னொண்ணு, கண்ணாடி பாட்டில்ல வறுத்து ஆறவச்ச உப்பையும் விதையையும் போட்டுக் குலுக்கிக் கொஞ்ச நேரம் வைங்க. உப்பு கண்ணாடியில ஒட்டுனா ஈரம் 15 சதவீதத்துக்கு மேல இருக்குன்னு அர்த்தம். ஒட்டலைங்கறதுக்காக ஒடனே மூடிராதீங்க, இறுக்க மூடற டப்பாவுக்கு அது பத்தாது. இன்னும் நாலு வெயில் காட்டுங்க. வெயில் படற சுவத்துல மட்டும் மாட்டாதீங்க, எவ்வளவு அழகா இருந்தாலும் சரி.

போன தை மாசம் பின்கட்டுக்குப் போனா ஒவ்வொரு குழாய்லயும் ஏதோ தொங்குச்சு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. நான் அழகா எழுதி வச்ச பேரெல்லாம் அவங்களுக்கு வெறும் கோடு. அவரைக் குழாய்ல ஒரு அவரை நெத்து, மொச்சைக் குழாய்ல ஒரு மொச்சை நெத்து, எள்ளுக் குழாய்ல ஒரு எள்ளுச் செடிக் கொத்துன்னு நூல்ல கட்டித் தொங்கவிட்டிருந்தாங்க. வீட்டுக்காரம்மா போட்ட கோலத்துக்குப் பக்கத்துல அது நல்லாவே இருந்துச்சு.

சரிங்க, மேக்கால இருட்டிக்கிட்டு வருது. களத்துல கொள்ளு காயுது, அள்ளணும். அடுத்த வாரம் பாக்கலாம்.