கடலின் பக்கம் நின்று

வாலிநோக்கத்திலிருந்து கரையோடு கிழக்கே போனால் ஏர்வாடி, கீழக்கரை, சேதுக்கரை என்று ஊர்கள் வரிசையாக வரும். சேதுக்கரைக்குச் சற்று உள்ளே திருப்புல்லாணி. அங்கே தருப்பைப் புல்லைப் பரப்பிப் படுத்து இராமன் கடல்ராசனிடம் வழி கேட்டான் என்பது பள்ளிக்கூட வாசலை மிதிக்கும் முன்பே எங்கள் பிள்ளைகளின் காதில் விழுந்துவிடும் கதை. கல் மிதந்தது, அணில் மணல் சுமந்தது, அணை எழுந்தது. இராமேசுவரத்துக்கு வருகிற எவருக்கும் எங்கள் கடற்கரை இந்த ஒரு கதையைத்தான் சொல்கிறது.

அந்தக் கதையை இந்தியர்களோடு சேர்ந்து முழுநீள அசைவூட்டப் படமாக எடுத்தவர் ஒரு ஜப்பானியர். பெயர் யூகோ சாகோ. தொல்லியலாளர் பி. பி. லால் நடத்திய அகழாய்வுகளைப் பற்றி ஆவணப்படம் எடுக்க 1983-ல் இந்தியாவுக்கு வந்தவரை இராமாயணம் பிடித்துக்கொண்டது. இராமனைக் கார்ட்டூனாக்குவதா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது. அவர் விடவில்லை. இந்திய அசைவூட்டக் கலையின் முன்னோடியான ராம் மோகனும் ஜப்பானின் கோயிச்சி சசாக்கியும் உடன் இயக்க, ஏறத்தாழ 450 ஓவியர்கள் கையால் வரைந்து முடித்த படம் 1993-ல் இந்தியாவில் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. வேட்டி எப்படி விழும், கை எப்படிக் குவியும் என்பதையெல்லாம் ஜப்பானிய ஓவியர்களுக்கு இந்தியக் கலைஞர்கள் சொல்லிக்கொடுத்தார்கள். தமிழ்க் குரலோடு அது திரையரங்குக்கு வர 2025 ஜனவரி ஆகிவிட்டது. சாகோ 2012-லேயே காலமாகிவிட்டார்.

மதுரையில் அந்தப் படத்தைப் பார்த்தேன். வானரப் படை கடலோரம் வந்து நின்றபோது உடல் சிலிர்த்தது. வேறொரு நாட்டுக்காரர் பத்தாண்டு உழைப்பை எங்கள் கதைக்குக் கொடுத்திருக்கிறார் என்ற நன்றி இன்றும் எனக்கு உண்டு. ஆனாலும் என் கண் கடலையே தேடியது. திரையில் இருந்தது அழகான கடல்தான்; எங்கள் கடலாக அது இல்லை. கச்சான் காற்றில் கலங்கிப் புரளுகிற, வாடையில் வேறு நிறம் காட்டுகிற, பாரும் தாழை என்கிற கடற்புல்லும் தீவுகளுமாகக் கிடக்கிற மன்னார் வளைகுடாவை அதில் காணவில்லை. அந்தக் கதையில் கடல் தாண்டவேண்டிய ஒரு தடை. தடைக்கு முகம் எதற்கு?

கடலுக்கு முகம் கொடுத்த இன்னொரு ஜப்பானியப் படம் உண்டு. ஹயாவோ மியாசாக்கி 2008-ல் எடுத்த 'போன்யோ'. ஆண்டர்சன் 1837-ல் எழுதிய கடற்கன்னிக் கதைதான் அதற்கு வித்து. ஆண்டர்சனின் கன்னி மனிதக் காலுக்காகக் குரலை இழந்து, காதலும் கைகூடாமல், கடைசியில் நுரையாகிப் போவாள். மியாசாக்கி அந்தக் கதையைத் தன் நாட்டுக் கரைக்கு இழுத்துவந்தார். 2005-ல் ஹிரோஷிமாப் பகுதியிலுள்ள தோமோனோஉரா என்ற சிறு துறைமுக ஊரில் தங்கி, அதன் அலையையும் வெளிச்சத்தையும் படகுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். இளவரசன் போய் ஐந்து வயதுப் பையன் சோசுகே வந்தான். அவன் அப்பா கப்பல்காரர், அம்மா முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவள். கடற்கன்னி, மனித முகத்தோடு கூடிய சிவந்த மீன்குஞ்சாக மாறினாள்.

இந்தப் படத்தை வாலிநோக்கத்தில் ஒரு வீட்டு முற்றத்தில், மடிக்கணினியில், என் அண்ணன் மகளோடும் ஒரு பழைய மீனவரோடும் பார்த்தேன். அவர் முஸ்லிம், நான் இந்து. இந்தப் பக்கத்தில் அதற்கெல்லாம் குறுக்கே மாமா, மாப்பிள்ளை முறை ஓடிக்கொண்டிருக்கும். கார்ட்டூனெல்லாம் பிள்ளைகளுக்கு என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தவர், படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நிமிர்ந்துவிட்டார். ஒரு கப்பல் கடலடியைச் சுரண்டிக்கொண்டு வருகிறது. சேறும் குப்பையும் கலங்கி எழ, நடுவே போன்யோ ஒரு கண்ணாடிக் குப்பிக்குள் சிக்கிக்கொள்கிறாள்.

"இழுவை மடி நம்ம கடலுக்கு மட்டும் வந்த கேடுன்னு நெனச்சேன் மாப்ள. அங்கயும் இதே கதைதானா?" என்றார்.

அவரை உலுக்கியது எது என்று எனக்குப் புரிந்தது. தேவதைக் கதை ஒன்று, அவர் வாழ்நாளெல்லாம் கரையில் நின்று பேசிவந்த வழக்கைக் கடலுக்குக் கீழே இருந்து பேசுகிறது. விசைப்படகின் மடிவலை பாரையும் தாழையையும் வழித்துப் போவதை அவர் படகிலிருந்துதான் பார்த்திருக்கிறார். இந்தப் படம் மடிக்கு முன்னால் நிற்கும் மீனின் கண்ணிலிருந்து அதைக் காட்டிவிட்டது.

அதற்காக அவர் படத்துக்குச் சலுகை காட்டவில்லை. சோசுகே கடல்மீனைக் குழாய்த் தண்ணீர் வாளியில் விட்டதும், "செத்துரும்டா, கடத்தண்ணி எடுத்துட்டு வாடா" என்று திரையைப் பார்த்துச் சத்தம் போட்டார். அலைகளே கண்ணுள்ள பெரிய மீன்களாகி, போன்யோ அவற்றின் முதுகில் ஓடிவருகிற இடத்தில் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அந்தப் படத்துக்காக ஏறத்தாழ 1,70,000 படங்கள் கையால் வரையப்பட்டன. அலைகளில் பலவற்றை மியாசாக்கியே வரைந்தார். கணினியிடம் கொடுத்திருந்தால் அந்த அலைக்குத் தசை இருந்திருக்காது.

முதியோர் இல்லத்தில் தோக்கி என்றொரு கடுகடுத்த பாட்டி வருவாள். மனித முகமுள்ள மீன் கரைக்கு வந்தால் ஆழிப்பேரலை வரும் என்று அவள்தான் அலறுவாள். படத்தில் அது நொடியில் போய்விடும். ஆனால் அதற்குப் பின்னால் மிகப் பழைய அச்சம் ஒன்று இருக்கிறது. ஒகினாவா பக்கத்து இஷிகாகித் தீவில் சொல்லப்படும் கதை இது: மீனவர்களின் வலையில் கடற்கன்னி ஒருத்தி அகப்படுகிறாள். விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறாள். அவர்களும் இரங்கி விடுகிறார்கள். போகும்போது, பெரிய அலை வருகிறது, மலைக்கு ஓடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போகிறாள். அவள் பேச்சைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். 1771-ல் அந்தத் தீவுகளை உண்மையிலேயே ஆழிப்பேரலை அழித்தது. அந்த நினைவைத்தான் இந்தக் கதை சுமக்கிறது. அந்தக் கடற்கன்னி கடற்பசுவாகத்தான் இருந்திருப்பாள் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. கடற்பசு அங்கேயும் மேய்ந்த விலங்குதான்.

இங்கே அதற்கு ஆவுளியா என்று பெயர். படம் முடிந்தபின் மாமா அதைப் பற்றித்தான் பேசினார். அவருடைய வாப்பா காலத்தில் கீழக்கரைப் பக்கம் அதன் இறைச்சி விலைக்கு வரும். ஒருமுறை குட்டி வலையில் மாட்டிக்கொள்ள, தாய் வள்ளத்தைச் சுற்றிச் சுற்றியே வந்ததாம். அதற்குப் பிறகு வாப்பா அந்தக் கறியைத் தொடவில்லை. ஒரே ஒரு குட்டி, அதையும் ஓராண்டுக்கு மேல் சுமந்து ஈனும். அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் ஆகும். தாழை அழிந்தால் அதற்குத் தீனி இல்லை. 1959-ல் பிடிபட்ட இரண்டு ஆவுளியாக்களை மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் ஏறத்தாழ பத்தாண்டுகள் வளர்த்தார்கள். 1972-ன் வனவிலங்குச் சட்டம் அதற்கு உயர்ந்த பாதுகாப்பைக் கொடுத்தது. 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் அதற்கான காப்பிடமாக அறிவிக்கப்பட்டது. சட்டம் வந்தது, காப்பிடம் வந்தது. கதைதான் வரவில்லை. இந்தக் கரையில் வளரும் பிள்ளைகள் அதைச் சுவரொட்டியில் மட்டும்தான் பார்க்கிறார்கள்.

ஜப்பானியர்கள் தொட்ட பழங்கதை எல்லாம் துலங்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பீச் பழத்தில் பிறந்த மொமொதாரோ நாயையும் குரங்கையும் கூட்டிக்கொண்டு அரக்கர் தீவுக்குப் போவான். குரங்குத் துணையோடு கடல் கடந்து அரக்கரை வெல்லும் அந்தப் பிள்ளைக் கதையை 1945-ல் கடற்படையின் ஏற்பாட்டில் போர்ப் பிரசாரமாக்கினார்கள். ஜப்பானின் முதல் முழுநீள அசைவூட்டப் படமே அதுதான். அதே மண்ணில் 2013-ல் இசாவோ தக்கஹாதா, மூங்கிலில் பிறந்த காகுயா இளவரசியின் கதையை எடுத்தார். ஆயிரம் ஆண்டு பழைய முடிவு அப்படியே இருந்தது. அவள் நிலவுக்குத் திரும்பித்தான் போனாள். அவர் செய்ததெல்லாம் அந்தப் பெண்ணின் அருகில் போய் உட்கார்ந்ததுதான். முடிவு அதுவே என்றாலும் அழுகை வேறாகிவிட்டது.

சேதுக்கதைக்கும் இப்படி ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. கம்பன் அதை எப்போதோ திறந்து வைத்துவிட்டான். வருணன் வரவில்லை என்று சினந்து இராமன் அம்பு தொடுக்கிற இடத்தில், கம்பன் கரையிலேயே நின்றுவிடுவதில்லை. நீருக்குள் இறங்கிவிடுகிறான். கடல் கொதிக்கிறது, மீன்கள் வேகின்றன, கடல்வாழ் உயிர்கள் தவிக்கின்றன. வருணன் வந்து பணிந்ததும் நாமெல்லாம் அணைக்குத் தாவிவிடுகிறோம். அம்புக்கும் அணைக்கும் நடுவே அந்தக் கடலடியில் என்ன நடந்தது என்பதற்கே ஒரு முழுப்படம் எடுக்கலாம். குட்டியை அணைத்துக்கொண்டு ஓர் ஆவுளியா, மேலே தண்ணீர் சுடுகிறது, பிறகு மலை மலையாகப் பாறைகள் விழுகின்றன. இராமனைக் குறைத்துக் காட்டவேண்டியதில்லை. அவன் வேதனை கரையில் இருக்கட்டும். நாம் கடலின் பக்கம் நின்று பார்ப்போம். இதைச் செய்ய யாரும் தோக்கியோவிலிருந்து வரவேண்டாம். கச்சானும் கொண்டலும் தெரிந்த ஒரு கை, பாசி எடுக்கப் போகும் பெண்கள் முக்காடு கட்டும் விதம் தெரிந்த ஒரு கண், போதும்.

இதை நான் முற்றத்தில் சொன்னதும் அண்ணன் மகள் கணக்கு நோட்டின் ஓரத்தில் வரையத் தொடங்கிவிட்டாள். பக்கங்களை விரலால் விட்டால் ஆவுளியா வாலை அசைக்கிறது. வாய்க்குப் பக்கத்தில் பேச்சுக்கு இடம் விட்டிருந்தாள்.

"அது பேசப்படாது புள்ள" என்றார் மாமா. "அஞ்சாறு நிமிசத்துக்கு ஒருக்கா மூக்க வெளிய நீட்டி மூச்சு விடும். அம்புட்டுத்தான்."

"பேசாட்டி படம் எப்படித் தாத்தா நகரும்?"

"மூச்சு விட மேல வந்தாகணும்ல? மேல தண்ணி கொதிக்குது. வரவா வேணாமான்னு அது நிக்கும்ல. அத வரை."

அவள் ஒப்புக்கொள்ளவில்லை. குட்டியாவது பேசவேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறாள். அவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நான் மாமா கட்சி.