வண்டி கண்ட சோர்வு

சென்ற ஆண்டு பாரிஸிலே, தம்பி வேலைசெய்யும் கம்பனியின் புதிய காரில் இரவுப் பயணம் போனோம். திடீரென மணி ஒலித்தது. சாரதியின் முன்னாலுள்ள திரையிலே கோப்பிக் கோப்பையின் உருவம் தோன்றிற்று. ஓய்வெடுக்கும்படி வண்டியே பணித்தது!

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 யூலை 7 முதல் பதிவாகும் புதிய கார் ஒவ்வொன்றிலும், சாரதியின் அயர்வை அறிந்து எச்சரிக்கும் கருவி இருத்தல் வேண்டுமாம். சுக்கானைப் பிடித்த கையின் தடுமாற்றத்தைக் கொண்டோ, கண்ணிமைகளைக் கவனித்தோ அது சோர்வை உணர்ந்துகொள்ளும்.

தம்பி நகைத்தான். "சம்பளத்தைக் குறைத்துவிட்டார்கள், அக்கா. மாலையிலே வேறொரு வேலையும் பார்க்கிறேன்" என்றான்.

இயந்திரம் அவனது சோர்வைக் கண்டது, காரணத்தை அறியவில்லை. மகளின் கலியாணச் செலவுக்கென மாதந்தோறும் அவனிடம் பணம் பெற்றுவந்த நானோ, அந்தச் சோர்வைத்தானும் கண்டேனல்லேன்.

"இனிப் பணம் அனுப்பாதே, தம்பி. முதலில் நித்திரை கொள்" என்றேன்.