தண்ணீர் என்னும் சொல்

'தண்ணீர்' என்னும் சொல்லைத் தண்மை, நீர் எனப் பிரித்துக் காட்டுவது ஆண்டுதோறும் வகுப்பறையில் யான் செய்யும் பணி. அச்சொல்லின் முழுப்பொருளை எனக்கு உணர்த்தியவரோ இலக்கணம் கற்றவர் அல்லர். நீலகிரி மலையூர் ஒன்றின் நீர் சுத்திகரிப்பு நிலையத்தில் பணியாற்றிய எங்கள் அண்டை வீட்டு மாமாதான் அவர்.

உதகைக்குப் பார்சன்ஸ் பள்ளத்தாக்கும் குன்னூருக்கு ரேலியா அணையும் குடிநீர் தருகின்றன. மலைநீர் இயல்பாகவே தூயது என நம்புவோர் உளர். மழைக்காலத்தில் செம்மண் கரைந்துவரும் ஓடையைக் கண்டவர் அவ்வாறு கூறார். படிகாரம் இட்டுக் கலங்கலைத் திரளச் செய்து, படியவிட்டு, மணலில் வடிகட்டி, குளோரின் கலந்த பின்னரே அது குடிநீராகிறது. குளிர்ந்த நீரிலோ கலங்கல் மெதுவாகவே திரளும். குளோரினும் கிருமிகளைக் கொல்ல மிகுதியான நேரம் கொள்ளும். "சமவெளிக் கணக்கு இங்கே செல்லாது, தம்பி. தண்ணீர் குளிரக் குளிர நமக்குப் பொறுமை கூட வேண்டும்" என்பார் மாமா.

அவர் ஓய்வு பெற்றபோது வாழ்த்து மடல் எழுதிக் கொடுத்தவன் யானே. அவர் இடத்திற்கு வருபவர் யார் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பல திங்கள் அப்பணியிடம் வெறுமையாகவே கிடந்தது. பின்னர்ப் பட்டயம் பெற்ற இளைஞர் ஒருவர் வந்தார். கற்றுக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. செய்தியறிந்த மாமா, கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஒரு திங்கள் நாள்தோறும் மேடேறினார். "பதிவேடு நேற்றைய அளவைச் சொல்லும், இன்றைய அளவை நீர்தான் சொல்லும்" என்றார். இளைஞரோ, ஆறு குவளைகளில் வெவ்வேறு அளவு படிகாரம் இட்டுக் கலக்கி, ஏற்ற அளவைக் கண்டறியும் சோதனையைச் செய்து காட்டினார். முதியவரின் கண்கணிப்பும் இளையவரின் சோதனையும் ஒரே குறிப்பேட்டில் ஏறின.

2000ஆம் ஆண்டு மே திங்களில் கனடாவின் வாக்கர்ட்டன் என்னும் சிற்றூரில் கிருமி கலந்த குடிநீரால் எழுவர் இறந்தனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நிலையத்தை நடத்தியவர்கள் முறையான பயிற்சி பெறாதவர்கள் என்பதும், குளோரின் அளவைப் பொய்யாகப் பதிந்து வந்தனர் என்பதும் விசாரணையில் வெளிப்பட்டன. அச்செய்தியைப் படித்தபோது, மாமாவுக்கு எழுதிய மடல் என் நினைவில் உறுத்தியது.

கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் வள்ளுவர். வானம் தந்ததைக் குழாய்வரை காத்துத் தருபவரை நாம் எங்கே வைத்திருக்கிறோம்? ஒருவர் ஓய்வு பெறுமுன்னரே அடுத்தவரை அவர் அருகில் அமர்த்துவோம். மாலையும் மடலும் அதன் பிறகு வரட்டும்.