கிதாரில் ஒலித்த மணவிசை

ராக் இசை என்றாலே "ஒரே இரைச்சல்!" என்று காதைப் பொத்திக்கொள்ளும் பெரியோர் பலர். அந்த இரைச்சலுக்குள்ளும் கதை சொல்லும் இசை உண்டு என்பதை எங்களுக்கு உணர்த்தியது ஓர் இசைத்தட்டு. லண்டன் மாநகரின் 'குயின்' இசைக்குழுவினர் 1980 டிசம்பரில் வெளியிட்ட 'ஃபிளாஷ் கார்டன்' என்பதே அது.

அமெரிக்க ஓவியர் அலெக்ஸ் ரேமண்ட் 1934இல் செய்தித்தாளில் வரையத் தொடங்கிய படக்கதை இது. பூவுலகை அழிக்க முனையும் மிங் என்னும் கொடுங்கோலனை ஃபிளாஷ் என்ற இளைஞன் எதிர்த்துப் போராடுகிறான். இதை மைக் ஹாட்ஜஸ் 1980இல் திரைப்படமாக்கினார்.

குயின் குழுவுக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது ஃபிரெடி மெர்க்குரியின் குரல். ஆயினும் இத்தட்டிலுள்ள 18 பகுதிகளில் பாடல்வரிகள் அமைந்தவை இரண்டே! மற்றவற்றில் இசைக்கருவிகள் முழங்குகின்றன. இடையிடையே படத்தின் உரையாடல்கள் வருகின்றன. வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்பதுபோல் கண்ணை மூடியபடியே கதையைத் தொடரலாம். குழுவினர் நால்வரும் ஆளுக்குச் சில பகுதிகளை இயற்றியுள்ளனர். கதைக்காகத் தம் புகழை அவர்கள் அடக்கி வாசித்தது எங்களுக்குப் பிடித்திருந்தது.

இதில் எங்களை அசைத்த பகுதி ஏறத்தாழ ஒரு நிமிடமே ஒலிப்பது. ஆலயத் திருமணங்களில் மணமகள் நடந்து வருகையில் ஆர்கனில் வாசிக்கும் இசையை நாம் அனைவரும் அறிவோம். ஜெர்மானியரான ரிச்சர்ட் வாக்னர், 1850இல் அரங்கேறிய 'லோகன்கிரின்' இசைநாடகத்திற்காக அமைத்தது அது. அதே மெட்டைப் பிரையன் மே மின்கிதாரில் வாசித்திருக்கிறார். அவருடைய கிதாரும் சாதாரணமானதன்று. 1963 முதல் தந்தையும் மகனுமாக, பழைய கணப்படுப்பின் மரம் முதலியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்த கருவி அது.

பழகிய மெட்டுத்தான், ஆனால் கேட்கும்போது உள்ளம் நடுங்குகிறது. ஏன்? டேல் என்ற பெண்ணை மிங் வற்புறுத்தி மணக்க முற்படும் காட்சிக்கான இசை அது!

"படமே வேடிக்கைப் படம், இதற்குப் போய் இவ்வளவு யோசனையா?" என்று எங்களுள் சிலர் கேட்டனர். வேடிக்கையாகவே இருக்கட்டும். பள்ளிப் படிப்பை முடித்த அக்காமார் சிலருக்கு வீட்டில் மணப்பேச்சு எழுகிறது. நகை பற்றிப் பேசுகிறார்கள், நாள் பற்றிப் பேசுகிறார்கள், விருந்து பற்றியும் பேசுகிறார்கள். "உனக்குச் சம்மதமா, மகளே?" என்ற கேள்வி மட்டும் சில வீடுகளில் கடைசியில்தான் வருகிறது, சில வீடுகளில் வருவதேயில்லை.

திருமணத் திருப்பலியிலோ, மணமக்கள் முழு மனத்துடன் வந்திருக்கிறார்களா என்று குருவானவர் கேட்ட பின்னரே வாக்குறுதி பெறுகிறார். பெற்றோரே, பீடத்தின் முன் கேட்கப்படும் அக்கேள்வியை அதற்கு முன்னரே வீட்டில் கேளுங்கள். மனமுவந்து நடந்து வரும் மணமகளுக்கே அந்த இசை இனிக்கும்.