பண்டிகைக் காலத்தில் பலம் காப்போம்

"சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம்" என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்வு நாள்களில் பெரியவர்கள் இதை எங்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவார்கள். பண்டிகை நாள்களில் மட்டும் எவரும் சொல்வதில்லை. ஆனால் அந்தப் பழமொழி மிகவும் தேவைப்படும் காலம் பண்டிகைக் காலமே என்பது எங்கள் எண்ணம்.

நாங்கள் பூதப்பாண்டியிலிருந்து ஒரே பேருந்தில் பள்ளிக்கு வரும் பத்தாம் வகுப்பு மாணவியர் ஆறு பேர். எங்களுள் நால்வர் கத்தோலிக்கர், இருவர் இந்துக்கள். பழையாறும் பச்சை வயல்களும் சூழ்ந்த எங்கள் ஊர், பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907-ஆம் ஆண்டு பிறந்த பெருமையுடையது. இவ்வூரில் நவம்பர் மாதம் முடியுமுன்பே விழாக்கள் தொடங்கிவிடும். நவம்பர் 24-ஆம் நாள் கோட்டாறு புனித சவேரியார் பேராலயத்தில் கொடியேறும். டிசம்பர் 3-ஆம் நாள் திருவிழா. மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அது முடிந்ததும் அரையாண்டுத் தேர்வு. பின்பு கிறிஸ்துமஸ், புத்தாண்டு, சுசீந்திரத்தில் மார்கழித் தேர், பொங்கல். சனவரி 14-ஆம் நாள், புனித தேவசகாயம் 1752-இல் உயிர் துறந்த காற்றாடி மலைக்குப் பலர் திருப்பயணம் செல்வர். தை மாதத்தில் எங்கள் ஊர்ப் பூதலிங்கசுவாமி கோவில் தைத் திருவிழாவும் வருகிறது. ஏறக்குறைய இரண்டு மாதம் ஊரே உறங்குவதில்லை எனலாம்.

இந்த இரண்டு மாதமும் மகிழ்ச்சியானவையே. ஆயினும் இந்த மகிழ்ச்சிக்கு ஒரு செலவு உண்டு. துணிக்கும் பட்டாசுக்கும் ஆகும் செலவைத் தகப்பனார் நோட்டில் எழுதி வைக்கிறார். உடலின் பலம் எவ்வளவு செலவாயிற்று என்பதை யாரும் எழுதி வைப்பதில்லை. அதை அதிகமாகச் செலவிடுபவர் நம் ஒவ்வொருவர் வீட்டிலும் உள்ள அம்மாதான்.

முந்திரிக்கொத்து செய்வதை எண்ணிப் பாருங்கள். சிறுபயற்றை வறுத்து, மில்லில் கொடுத்துத் திரித்து, வெல்லப்பாகு காய்ச்சி, தேங்காயும் ஏலக்காயும் சேர்த்து, உருண்டை பிடித்து, அரிசி மாவில் தோய்த்து, மும்மூன்றாக எண்ணெயில் இட வேண்டும். அச்சுமுறுக்குக்கோ அச்சைச் சூடாக்கி, தேங்காய்ப்பால் சேர்ந்த மாவில் முக்கால் அளவு அமிழ்த்தி, ஒவ்வொன்றாகப் பொரித்து எடுக்க வேண்டும். இவற்றோடு அதிரசம், நேந்திரங்காய் உப்பேரி, வீடு கழுவுதல், விருந்தாளிகளுக்குச் சமையல். "நீங்க போய்ப் படிங்க மக்களே, அடுக்களையில நான் பாத்துக்கிடுவேன்" என்பதே எல்லா வீட்டிலும் அம்மாவின் பதில். அதன் முடிவு என்ன? முந்திய ஆண்டு எங்களுள் ஒருத்தியின் தாயார் நள்ளிரவுத் திருப்பலியில் அமர்ந்தபடியே உறங்கிவிட்டார். இன்னொருத்தியின் தாயார் கிறிஸ்துமஸ் அன்று காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் செய்த பலகாரத்தில் ஒன்றைக்கூட அவர் வாயில் வைக்கவில்லை. பாலன் இயேசுவுக்காக இரவெல்லாம் விழித்தவர், பாலனைக் குடிலில் வைத்து வணங்கும் நேரத்தில் இல்லாமற்போவது எத்துணை வருத்தம்!

திருமறையில் எலியா இறைவாக்கினரின் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு ஓர் உண்மை விளங்கிற்று. களைத்துச் சோர்ந்த எலியா, பாலைநிலத்தில் ஒரு செடியின் கீழ்ப் படுத்துச் சாவை விரும்பினார். வானதூதர் வந்து அவருக்கு முதலில் அறிவுரை கூறவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளை நீரும் கொடுத்தார், உறங்கவும் விட்டார், மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார். அதன் பின்பே அவர் நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்தார். உணவும் உறக்கமும் ஆன்ம வாழ்வுக்கு இடையூறு அல்ல. அவை இறைவன் தரும் வழிச்செலவு.

ஆகவே, கடந்த திருவருகைக் காலத்தில் நாங்கள் ஆறு பேரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆலயத்தில் ஞாயிறுதோறும் ஒவ்வொரு மெழுகுதிரியாக நான்கு ஏற்றுகிறோம் அல்லவா? அதுபோல வாரம் ஒரு நல்ல பழக்கத்தைத் தொடங்குவது, தொடங்கியதைப் பொங்கல் வரை விடாமல் காப்பது என்று முடிவு செய்தோம்.

முதல் வாரம் உறக்கம். பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுக்கு உட்பட்டோருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து. எனவே இரவு ஒன்பதரை மணிக்குக் கைப்பேசியை முன்னறையில் வைத்துவிட்டு, பத்து மணிக்குள் விளக்கை அணைத்தோம். மார்கழிக் கோலத்துக்காக விடியுமுன் எழும் எங்கள் தோழியர் இருவரும் ஒன்பது மணிக்கே படுத்தார்கள். கேரல் குழுவினர் வீடு வரும் இரவும் நள்ளிரவுத் திருப்பலியும் மட்டுமே விலக்கு. அந்த நாள்களில் பிற்பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர்ந்தோம்.

இரண்டாம் வாரம் உணவு. பலகாரத்தை நாங்கள் வெறுக்கவில்லை. அதன் நேரத்தை மாற்றினோம். காலையில் இட்லியோ, கஞ்சியும் பயறுமோ உண்ட பின்பே இனிப்பு. ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதில் தீங்கான பொருள்கள் பெருகும் என்பதை வீட்டில் எடுத்துச் சொன்னோம். இன்னொன்றும் உண்டு. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. படிக்க உட்கார்ந்தால் கண் சொக்குவதும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும் சோம்பல் என்று பலர் எண்ணுகிறார்கள். பல வேளைகளில் அது இரும்புச் சத்துக் குறைவே. பள்ளியில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச் சத்து மாத்திரை விடுமுறையில் மறந்துபோகும். அதை நாள்காட்டியில் குறித்து வைத்து உண்டோம். முருங்கைக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துக்கொண்டோம். தேநீர் இரும்புச் சத்தை உடலில் சேரவிடாமல் தடுப்பதால், சாப்பாட்டோடு குடிக்காமல் ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தோம்.

மூன்றாம் வாரம் இளஞ்சிவப்பு மெழுகுதிரி ஏற்றும் மகிழ்ச்சி ஞாயிறு. அந்த வாரத்துக்கு நடையும் விளையாட்டும். நம் வயதினர் நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடலை நன்கு அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. மழை இல்லாத மாலைகளில் வயலோரமாக நடந்தோம். போகும் வழியில் தேங்காய்ச் சிரட்டைகளிலும் உடைந்த சட்டிகளிலும் தேங்கிய மழைநீரைக் கவிழ்த்தோம். டெங்கு பரப்பும் கொசு, சாக்கடையைவிட இத்தகைய தெளிந்த நீரையே நாடி முட்டையிடும். விருந்துக்கு முன் காய்ச்சலைத் தடுப்பதும் விருந்து ஏற்பாட்டில் ஒரு பகுதிதானே!

நான்காம் வாரம் உழைப்பைப் பங்கிடுதல். இதுவே எல்லாவற்றினும் கடினமாக இருந்தது. நான்கு வகைப் பலகாரத்தை இரண்டாகக் குறைக்கலாம் என்று சொன்னோம். "அச்சுமுறுக்கு இல்லாத கிறிஸ்துமஸா?" என்று ஒரு வீட்டில் பாட்டி கேட்டார். ஆகவே அங்கே மூன்று வகை! பயறு வறுப்பதையும் மாவு திரிப்பதையும் முந்திய வாரமே முடித்தோம். தேர்வு நாள்களில் ஒருவருக்கு மாலையில் ஒரு மணி நேரம் என்று முறை வைத்தோம். தம்பிமாரும் அண்ணன்மாரும் அடுக்களைக்கு அழைக்கப்பட்டார்கள். ஒரு தம்பி எடுத்த முதல் முறுக்கில் அச்சும் இல்லை, முறுக்கும் இல்லை. ஆயினும் பத்தாவது முறுக்கு பார்க்கும்படி இருந்தது. தகப்பனார் ஒருவர் தேங்காய் துருவினார். 24-ஆம் நாள் பிற்பகலில் எங்கள் நால்வர் வீட்டிலும் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இல்லை. அம்மாக்கள் தலை குளித்து, சற்றுப் படுத்து எழுந்தார்கள். நள்ளிரவில் உன்னதங்களிலே கீதம் ஒலித்தபோது எங்கள் அருகில் நின்று அவர்களும் பாடினார்கள். அந்தக் குரல்தான் எங்களுக்குக் கிடைத்த கிறிஸ்துமஸ் பரிசு. பொங்கலுக்கு எங்கள் இந்துத் தோழியர் வீட்டிலும் இதே முறை கைக்கொள்ளப்பட்டது.

பெத்தானியாவில் மார்த்தா பற்பல பணிகளால் பரபரப்பாயிருக்க, மரியா ஆண்டவரின் காலடியில் அமர்ந்திருந்ததை நாம் அறிவோம். மரியா தெரிந்துகொண்டதே நல்ல பங்கு என்றார் ஆண்டவர். அந்த நல்ல பங்கு மார்த்தாவுக்கும் கிடைக்க வேண்டாமா? வீட்டிலுள்ள எல்லோரும் கை கொடுத்தால் வேலை விரைவில் முடியும். மார்த்தாவும் வந்து அமர்ந்து கேட்கலாம். ஆண்டவர் அவளை அழைத்ததும் அதற்காகவே என்று நாங்கள் நம்புகிறோம்.

அன்புத் தோழியரே! நம் நாஞ்சில் நாட்டில் டிசம்பர் மாதம் கும்பப்பூப் பயிர் வயலில் வளரும் காலம். அப்போது உழவர் குளத்து நீரை ஒரே நாளில் திறந்து விடுவதில்லை. மடை பார்த்து, முறை வைத்து, கடைசி வயலுக்கும் கிடைக்கும்படி பாய்ச்சுகிறார்கள். மாசியில் கதிர் முற்றுவது அதனால்தான். நம் அரசுப் பொதுத்தேர்வும் ஏறக்குறைய அந்த அறுவடைக் காலத்திலேயே வருகிறது. பண்டிகையில் பலத்தை எல்லாம் கொட்டிவிட்டால், தேர்வுக்கு எதைக் கொண்டு செல்வோம்?

பெற்றோரே, அடுத்த ஆண்டு அடுக்களை வேலைக்கு எங்களையும் எங்கள் சகோதரரையும் முன்கூட்டியே அழையுங்கள். "நீ போய்ப் படி" என்று சொல்லி, உங்கள் பலத்தை எல்லாம் எங்களுக்காகச் செலவிட்டுவிடாதீர்கள். தங்கையரே, வரும் திருவருகைக் காலத்தில் முதல் மெழுகுதிரி ஏற்றும் நாளன்றே உங்கள் வீட்டில் இந்த ஏற்பாட்டைத் தொடங்குங்கள். பலகாரம் ஒரு தட்டுக் குறைந்தாலும் குறையட்டும். பந்தியில் அம்மா நம்மோடு அமர்ந்து உண்ணட்டும்.