மோட்டார் கணக்கு

பழைய மண் அள்ளும் இயந்திரம் ஒன்றை லெகோவில் செய்யலாம் என்று உட்கார்ந்தால், நிறம், அளவு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: எத்தனை மோட்டார்? பலரும் வேலைக்கு ஒன்று என்று வைத்துவிடுகிறார்கள். பூம் ஏற ஒன்று, பக்கெட் தூக்க ஒன்று, சுழல ஒன்று, செயினுக்கு இரண்டு. ஓடும். நன்றாகவே ஓடும். ஆனால் உள்ளே இருப்பது வேறு இயந்திரம்.

*

ரஸ்டன்-பியூசைரஸ் 22-ஆர்பி. இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துத் தயாரிப்பு. 1930-ல் ரஸ்டன் அண்ட் ஹார்ன்ஸ்பியும் அமெரிக்காவின் பியூசைரஸ்-ஈரியும் கைகோத்துத் தொடங்கிய கம்பெனி. ஹைட்ராலிக் பொக்லைன்கள் வருவதற்கு முந்தைய தலைமுறை என்பதால் எல்லா வேலையும் கம்பிவடத்தில்தான். முன்பக்கத்தை மட்டும் மாற்றிக்கொண்டால் அதே வண்டி ஷவல், அதே வண்டி டிராக்லைன், அதே வண்டி கிரேன்.

அதன் வயிற்றுக்குள் ஒரே ஒரு டீசல் எஞ்சின். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதிலிருந்து ஷாஃப்ட்டுக்கு, ஷாஃப்ட்டிலிருந்து டிரம்களுக்கு. ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். லீவரை இழுத்தால் கிளட்ச் பிடிக்கும், வடம் சுற்றும், பக்கெட் ஏறும். கிளட்சை விட்டுப் பெடலை மிதித்தால் அந்தரத்தில் நிற்கும். பெடலைக் கொஞ்சம் தளர்த்தினால் தன் எடையிலேயே இறங்கும். ஓட்டுபவருக்கு இரண்டு கையும் இரண்டு காலும் ஓயாத வேலை. சுழல்வதும் நகர்வதும்கூட அதே எஞ்சினிடம் கடன் வாங்கித்தான்.

ஐந்து மோட்டார் வைத்த மாடலில் இந்தக் கடன் வாங்கல் காணாமல் போகிறது. நான் குறை சொல்வது அதைத்தான்.

*

ஒரே மோட்டாரில் செய்து பார்ப்பது எப்படி?

லெகோ டெக்னிக்கில் இதற்கு வழி இருக்கிறது. 1994-ல் வந்த 8880 சூப்பர் கார் பெட்டியில் முதன்முதலாக ஒரு வளையம் வந்தது. அச்சின் மேல் இப்படியும் அப்படியும் நகரும். பக்கத்திலிருக்கும் 16 பல் சக்கரத்தோடு கோத்துக்கொண்டால் விசை போகும், விலகினால் சக்கரம் சும்மா சுற்றும். கார் கியர்பாக்ஸுக்காக வந்த சாமான். டிரம்முக்குப் பக்கத்தில் வைத்தால் 22-ஆர்பியின் கிளட்ச் ஆகிவிடுகிறது.

முழுக்க ஆகிவிடுகிறது என்று சொல்ல முடியாது. நிஜ கிளட்ச் உராய்ந்து, வழுக்கி, மெல்லப் பிடிக்கும். இந்த வளையம் பல்லோடு பல் ‘டக்’ என்று கோத்துக்கொள்ளும். பக்கெட் குலுங்கி எழும்பும். நடுவில் லெகோவின் வெள்ளை நிற 24 பல் கிளட்ச் கியரைச் சேர்த்தால், சுமை மீறும்போது அது வழுக்கிக் கொடுக்கிறது. பிரேக்குக்குக் கப்பி ஒன்றும் ரப்பர் வளையம் ஒன்றும் போதும். நிஜத்திலும் பட்டை பிரேக்தான். டிரம்மைச் சுற்றி ஒரு பட்டை இறுகும், தளரும்.

*

வார்ம் கியர் வேண்டாம் என்பது என் கட்சி. வசதியானது, மறுக்கவில்லை. மோட்டார் நின்றால் பக்கெட்டும் அப்படியே நிற்கும், பின்னோக்கிச் சுற்றாது. மீடியம் மோட்டார் சுமையில்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று ஓடும். வார்மும் 24 பல் சக்கரமும் அதை 17 சுற்றுக்குக் குறைத்துத் தந்துவிடும். இத்தனை சின்ன இடத்தில் இவ்வளவு குறைப்பு வேறெதிலும் கிடைக்காது.

ஆனால் வார்ம் போட்ட டிரம்மில் பக்கெட் தன் எடையில் இறங்காது. மோட்டாரைத் திருப்பி ஓட்டி நூலை விட வேண்டும். பக்கெட் தரையில் உட்கார்ந்த பிறகும் மோட்டார் நூலை விட்டுக்கொண்டே இருக்கும். தளர்ந்த நூல் டிரம்மை விட்டு வழிந்து அச்சில் சுற்றிக்கொள்ளும். பிறகு பாதி வண்டியைப் பிரிக்க வேண்டும்.

வார்மை எடுத்துவிட்டால் அடுத்த வழக்கு: பக்கெட் இறங்கவே மாட்டேன் என்கிறது. காரணம் கணக்கில் இருக்கிறது. 1:20 அளவு என்றால் நீளம் இருபதில் ஒன்று; எடை எண்ணாயிரத்தில் ஒன்று. ஒரு டன் பக்கெட்டுக்கு 125 கிராம். பிளாஸ்டிக் பக்கெட் அந்த 125-ஐத் தொடுவதில்லை. கப்பியிலும் அச்சிலும் இருக்கும் உராய்வோ எட்டாயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்குவதில்லை. பக்கெட்டின் அடியில் பழைய லெகோ படகுகளுக்கு வந்த எடைக்கட்டியை ஒளித்து வைக்கலாம். ஐந்து ரூபாய் நாணயம் வைத்தாலும் இறங்குகிறது. சுத்த பத்தம் பார்ப்பவர்கள் நாணயத்தை ஒப்பமாட்டார்கள்.

அதே கணக்கில் இன்னொன்று. 1:20-ல் விழும் பொருள் நிஜத்தைவிட நாலரை மடங்கு சீக்கிரம் விழுந்துவிடும். நிஜத்தில் 2 வினாடி எடுத்து விழும் மண் மாடலில் அரை வினாடிகூட எடுக்காது. மோட்டாரை மெதுவாக ஓட்டினால் பூம் கனமாகத் தெரிகிறது, மண் மட்டும் பொம்மை மாதிரி கொட்டுகிறது. இதற்கு மருந்து கிடையாது.

*

மண்ணுக்குப் பதில் வெள்ளைக் கொண்டைக்கடலை. பல்சக்கரத்துக்குள் நுழையாத அளவு. கேழ்வரகு வேண்டவே வேண்டாம்.

*

அளவை நாம் தேர்ந்தெடுப்பதாக நினைத்துக்கொள்கிறோம். செய்ய முடியாத ஒரு பாகம்தான் தேர்ந்தெடுக்கிறது. செயின் வண்டி என்றால் செயின் இணைப்பு. டெக்னிக்கின் அகலமான இணைப்பு 5 குமிழ், அதாவது 40 மில்லிமீட்டர். 800 மில்லிமீட்டர் அகலச் செயினுள்ள வண்டிக்கு அது 1:20. 600 என்றால் 1:15. இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் வகுத்தல்தான். 1:20-ல் ஒரு மீட்டருக்கு ஆறேகால் குமிழ். அந்தக் கால் குமிழை எங்கே ஒளிப்பது என்பதில் பாதி மாலைகள் போய்விடும்.

*

ஒற்றை மோட்டார் வண்டியில் ரசிக்கத்தக்க ஒரு தொல்லை. விசை மேல்தட்டிலிருந்து செயினுக்குப் போக ஒரே வழி, சுழல்தட்டின் நடுத்துளை வழியாக இறங்கும் செங்குத்து அச்சு. மேல்தட்டு சுழலும்போது அச்சும் கூடவே திரும்பும். ஆகவே நீங்கள் பக்கெட்டைத் திருப்ப, வண்டி தானாக அங்குலம் அங்குலமாக ஊர்கிறது. பேய் பிடித்த மாதிரி. கீழே, செயினுக்கு முன்னால், இன்னொரு கோத்து விலகும் வளையம் வைத்தால் அடங்குகிறது. நிஜ வண்டியிலும் அங்கேதான் பல் கிளட்ச் வைத்து, தோண்டும்போது நகர்த்தும் விசையைத் துண்டித்தார்கள். அந்தக் கிளட்ச் ஏன் அங்கே இருக்கிறது என்பது ஊர்ந்த மாடலைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

*

இப்போது மறுபக்கம். பனாமா கால்வாய், 95 டன் பியூசைரஸ் நீராவி ஷவல். கால்வாய்க்கு அமெரிக்கர்கள் வாங்கிய 102 ஷவல்களில் 77 பியூசைரஸ் தந்தவை. 1906 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் போய் ஏறி உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டாரே, அந்த வகை. மாடல் செய்பவர்களுக்கு அந்தப் படம் பெரிய உபகாரம். பக்கத்தில் மனிதர்கள் நிற்பதால் உயரத்தைக் கணிக்கலாம்.

இந்த வண்டியில் பாய்லர் ஒன்று, எஞ்சின் மூன்று. பக்கெட்டைத் தூக்க ஒன்று, பூமைத் திருப்ப ஒன்று, கையை மண்ணுக்குள் முட்டித் தள்ள ஒன்று. மூன்றாவது எஞ்சின் பூமின் மேலேயே உட்கார்ந்திருக்கும். பாய்லரின் இடத்தில் பேட்டரிப் பெட்டி, எஞ்சினுக்கு ஒன்றாக மூன்று மோட்டார், நீராவிக் குழாய் போன வழியில் ஒயர். இங்கே வேலைக்கு ஒரு மோட்டார் என்பது சோம்பேறித்தனமே இல்லை; வண்டி இருந்ததே அப்படித்தான். 22-ஆர்பியைவிடப் பழைய யோசனை லெகோவுக்கு இத்தனை ஒத்துப்போகிறது.

வண்டி உடல் திரும்பாது, பூம் மட்டும் பக்கவாட்டில் திரும்பும். ஒயர் முறுக்கிக்கொள்ளும் கவலை இல்லை. ஆனால் பூம் ஒருபக்கம் போனால் வண்டி அந்தப் பக்கம் சாயும். அதனால்தான் நிஜ ஷவலின் முன்மூலைகளில் ஜாக்கிக் கால்கள். பூமின் மேல் மோட்டாரை ஏற்றிய மாடலுக்கும் அவை அலங்காரமாக இல்லை. எடுத்துவிட்டால் குப்புற விழும்.

தண்டவாளம்தான் சிக்கல். பனாமாவில் ரயில் பாதை 5 அடி அகலம். லெகோ ரயிலின் பாதை 37.5 மில்லிமீட்டர். அதில் ஓடவேண்டுமானால் வண்டி 1:40. அந்த அளவில் மூன்று மோட்டாரும் பேட்டரியும் அடங்குவது பெரும்பாடு. தண்டவாளத்தையும் நாமே செய்துகொண்டு 1:20-க்குப் போவது உத்தமம். அப்போது அதன் 5 கன கஜப் பக்கெட் அரை லிட்டருக்குச் சற்றே குறைவாகக் கொள்ளும். அவ்வளவையும் கடலையால் நிரப்பினால் நூல் தாங்கும், பூம் அச்சு முறுக்கிக்கொள்ளும்.

*

நெய்வேலியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்ற பெரியப்பா, 42055 பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். 2016-ல் வந்த பெட்டி, 3,929 துண்டு.

“ஏம்பா, எல்லாத்துக்கும் ஒரே மோட்டாரா?”

“ஆமா பெரியப்பா.”

“எங்க மெஷின்ல வீலுக்கு ஒண்ணு, பெல்ட்டுக்கு ஒண்ணு, திரும்ப ஒண்ணு, நடக்க ஒண்ணுன்னு தனித்தனியால்ல இருக்கும்.”

சரிதான். நெய்வேலியில் 1957-ல் தோண்டத் தொடங்கி 1961-ல் பழுப்பு நிலக்கரியைத் தொட்டார்கள். ஜெர்மனியிலிருந்து வந்த 700 லிட்டர், 1,400 லிட்டர் பக்கெட் வீல்கள் மின்சாரத்தில் ஓடுபவை, உறுப்புக்கு ஒரு மோட்டார். லெகோ கம்பெனி அதை ஒரே மோட்டாரில் அடக்கியது. பல எஞ்சின் வண்டியை ஒற்றை மோட்டாரிலும், ஒற்றை எஞ்சின் வண்டியைப் பல மோட்டாரிலும் செய்துகொண்டிருக்கிறோம்.

*

நிறம் பற்றி ஒரு வரி. கேட்டர்பில்லர் என்றாலே மஞ்சள் என்று வாங்கிக் குவிக்க வேண்டாம். 1931 முடியும் வரை அவர்கள் வண்டிகள் சாம்பல் நிறம். லெகோவும் 2004 வாக்கில் தன் சாம்பலை மாற்றிவிட்டது. பழசும் புதுசும் கலந்தால் ஒட்டுப்போட்ட சட்டை.

*

ஷவலின் பக்கெட்டுக்கு அடிக்கதவு. தாழ்ப்பாளை இழுத்தால் கதவு தொங்கும், மண் கொட்டும். இதற்கு நான்காவது மோட்டார் வேண்டுமா என்று கேட்கிறார்கள். 95 டன் பியூசைரஸில் பூமின் மேல் ஒருவர் உட்கார்ந்திருப்பார். முட்டித் தள்ளும் எஞ்சினும் அவர் பொறுப்பு, கதவுக் கயிறும் அவர் பொறுப்பு. கயிற்றைக் கையால்தான் இழுத்தார். என் மாடலிலும் ஒரு நூலை வெளியே தொங்க விட்டிருக்கிறேன். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் ரிமோட்டை ஆளுக்கு ஆள் விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். சண்டை அந்த நூலுக்குத்தான்.