கையில் துடுப்பு... தூண்டிலை யார் பிடிப்பது? ஏற்காடு ஏரி முதல் மேட்டூர் பரிசல் வரை!

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்தவர்கள், ஏற்காட்டில் முதலில் வண்டியை நிறுத்துவது ஏரிக்கரையில்தான். ஏரியும் காடும் சேர்ந்து 'ஏற்காடு' ஆனதாகச் சொல்வார்கள். சேர்வராயன் மலையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் இந்த ஏரியில் மிதிபடகு, துடுப்புப்படகு, மோட்டார் படகு எல்லாம் உண்டு. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டியும் களைகட்டும்.

துடுப்புப்படகில் ஏறுபவர்களுக்கு ஐந்தே நிமிடத்தில் ஓர் உண்மை புரிந்துவிடும். துடுப்பைப் பிடித்துவிட்டால் வேறு எதற்கும் கை இருக்காது. செல்ஃபிக்காக ஒரு கையை எடுத்தால் போதும், படகு தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

கயாக் எனும் ஒல்லியான ஒற்றை ஆள் படகில் மீன் பிடிப்பவர்களுக்கும் இதே சிக்கல்தான். அதுவும் 'ட்ரோலிங்' என்றால் சிக்கல் இரட்டிப்பு. ஓடும் படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டே போய், துரத்தி வரும் மீனைப் பிடிப்பதுதான் ட்ரோலிங். நம் கடலோரத்தில் வஞ்சிரமும் சூரையும் இப்படிப் பிடிபடும். விசைப்படகுகள் இழுவை வலை போடும் 'ட்ராலிங்' வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மலை மேலிருந்து தெரியும் அணை

ஏற்காட்டின் லேடீஸ் சீட் முனையில் நின்றால், வானம் தெளிவாக இருக்கும் நாளில் மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பு தூரத்தில் மினுங்கும். 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அணை அது. முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. மலையிறங்கி அங்கே போனால், இந்தச் சிக்கலுக்கு நம் ஊர் கண்ட விடையைப் பார்க்கலாம். அதுதான் பரிசல்.

மூங்கில் பிளாச்சுகளால் பின்னிய வட்டப் படகு இது. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும், அல்லது ஃபைபர். ஒருவர் துடுப்பு போட, இன்னொருவர் வலை விடுவார். சாயங்காலம் செவுள் வலையைக் கட்டிவிட்டு வந்து, விடியற்காலையில் போய் எடுப்பார்கள். கட்லா, ரோகு, கெளுத்தி என்று கிடைப்பதே அன்றைய வருமானம். பரிசலுக்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. எந்தப் பக்கம் இழுத்தாலும் அது சுற்றுமே தவிர, சட்டென்று கவிழாது.

கயாக் அப்படியல்ல. நீளம் அதிகம், அகலம் குறைவு. நேராக இழுத்தால் வேகமாகப் போகும். பக்கவாட்டில் இழுத்தால் ஆளோடு சாயும். அதனால்தான் தூண்டில் கழியைப் பிடித்துக்கொள்ளும் தாங்கியை எங்கே பொருத்துகிறோம் என்பது உயிர் பற்றிய விஷயமாகிறது. கயாக்கை உருவாக்கிய ஆர்க்டிக் பகுதி இன்யூட் மக்கள் இதை அன்றே புரிந்துகொண்டார்கள். ஈட்டியோடு இணைந்த கயிற்றைச் சுருட்டி, தங்களுக்கு முன்னால், கண் பார்வையில் இருக்கும் சிறு தாங்கியில்தான் வைப்பார்கள். கயிறு உடம்பில் சுற்றிக்கொண்டால், அடிபட்ட கடல்நாய் படகையே புரட்டிவிடும்.

எந்தத் தாங்கி நல்லது?

படகின் உடலிலேயே துளை போட்டுப் புதைக்கும் குழாய்த் தாங்கி மலிவானது, உறுதியானது. ஆனால், பெரும்பாலும் இருக்கைக்குப் பின்னால்தான் இருக்கும். மீன் இழுக்கும்போது திரும்பி எடுக்க வேண்டும். கயாக் கவிழ்வதற்கு இந்தத் திருப்பமே போதும். குழாயின் அடி திறந்திருந்தால் தண்ணீரும் உள்ளே போகும்.

மேல்தளத்தில் போல்ட் போட்டு நிறுத்தும் தாங்கியில் கோணத்தை மாற்றலாம். பிளாஸ்டிக் உடலில் வெறும் திருகாணி போட்டால் ஒரு நல்ல இழுப்பில் பிடுங்கிக்கொள்ளும். அடியில் ஒரு தகடு கொடுத்து முடுக்குவதே சரி.

ஓரத்தில் உலோகத் தடம் இருக்கும் கயாக் என்றால் வேலை சுலபம். தாங்கியை முன்னும் பின்னும் நகர்த்தி, புதுத் துளை போடாமலே பொருத்திவிடலாம். காற்றடைத்த கயாக்கில் துளை போடும் பேச்சுக்கே இடமில்லை; ஒட்டும் அடித்தளம்தான்.

எதை வாங்கினாலும், முதலில் தரையில் வைத்து கயாக்கில் உட்கார்ந்து துடுப்பு போட்டுப் பாருங்கள். துடுப்பு இடிக்காத, ஆனால் முன்பக்கமாகக் கை நீட்டினால் எட்டும் இடத்தில் டேப் ஒட்டுங்கள். அதன் பிறகே துளை. இழுப்பில் தாங்கி சுழன்றுவிடாதபடி பூட்டும் பல் அமைப்பு இருக்க வேண்டும். கழியை ஒரு கயிற்றால் படகோடு கட்டுவதும், நரம்பு வெளியேறும் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்தி வைப்பதும் அவசியம்.

தண்ணீருக்கு அடியில் ஓர் ஊர்

மேட்டூரில் இதற்கெல்லாம் இன்னொரு காரணமும் உண்டு. அணை கட்டியபோது மூழ்கிய ஊர்களின் மிச்சம் இன்னும் நீருக்குள் இருக்கிறது. நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பக்கம் நந்தி சிலையும், பழைய தேவாலயத்தின் கோபுரமும் தலைகாட்டும். தூண்டில் முள் அப்படி ஒரு கல்லில் மாட்டினால், அது எந்த மீனையும்விடப் பலமாக இழுக்கும். பரிசல்காரர் விட்டுவைத்த வலையில் மாட்டினால்? கிழிவது ஒரு குடும்பத்தின் ஒருநாள் சோறு. வலை மிதவைகள் தெரியும் பக்கம் தூண்டிலை இழுத்துச் செல்லாமல் இருப்பதே மரியாதை.

மீன்வளத் துறை அனுமதியும், உயிர்காக்கும் ஜாக்கெட்டும் இல்லாமல் இறங்கவே கூடாது. அணைச் சுவர் பக்கம் நெருங்கவும் வேண்டாம். குழந்தைகள் மிதிபடகில் சுற்றும் ஏற்காடு ஏரியில் ட்ரோலிங் ஆசையை மூட்டை கட்டிவிடுங்கள். அங்கே துடுப்புப் பழக்கம் மட்டும் போதும்.

தூண்டிலும் வேண்டாம், தாங்கியும் வேண்டாம் என்பவர்களுக்கும் மேட்டூர் ஏமாற்றம் தராது. அணைப் பூங்கா பக்கம் போனால், கண்ணெதிரே பொரித்துத் தரும் மீன் இருக்கிறது. அதைச் சாப்பிட இரண்டு கைகளும் காலியாக இருந்தால் போதும்!